எண்ணெய்ச் சோப்புப் பூச்சில் வரும் குறைகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

ஆடி மாதம் வந்தால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு மேற்குச் சுவரைப் பற்றித்தான் கவலை. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று மழையை நேராக விழ விடாது. சாய்த்துக் கொண்டுவந்து சுவரில் அடிக்கும். நாலு நாள் சாரல் விடாமல் பிடித்தால் சுவரின் உள்பக்கம் கைவைக்கச் சில்லென்று இருக்கும். அலமாரியில் அடுக்கிய துணியில் பூசண வாடை ஏறிவிடும்.

இந்தச் சாரலுக்காகத்தான் பூச்சுக் கலவையில் எண்ணெய்ச் சோப்பு சேர்க்க ஆரம்பித்தேன். இருபது வருடமாகப் பூச்சு வேலை எடுத்துச் செய்கிறேன். இந்தச் சோப்பால் உலர்ந்து நிற்கும் சுவர்களும் உண்டு, கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசிய சுவர்களும் உண்டு. ஏற்கெனவே சோப்பு போட்டுவிட்டு ஏதோ ஒரு குறையோடு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் சுவரில் தெரியும் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்க்கொள்ளலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

சோப்பு சுவருக்குள் என்ன ஆகிறது

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு வெளிப்படுகிறது. தேங்காய், எண்ணெய்ப்பனை, வேம்பு, புங்கன் என எந்தத் தாவர எண்ணெயிலும் கொழுப்பமிலம் இருக்கிறது. அந்த அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் சுண்ணாம்புச் சோப்பு உண்டாகும். இது தண்ணீரில் கரையாது, நுரைக்காது. உப்புத் தண்ணீரில் துணி துவைக்கும்போது நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்து வாளியில் ஒட்டுமே, அதே சரக்குதான். துவைப்பவருக்குத் தொல்லை கொடுக்கும் அந்தத் திரிதான் நமக்கு வேண்டியது.

இறுகிய பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை தண்ணீரை இழுக்கும். சுண்ணாம்புச் சோப்பு அந்தத் துளைகளின் உள்சுவரில் படிந்துவிட்டால் இழுப்பு நின்றுபோகும். துளை அடைபடாது, இருந்த இடத்திலேயே இருக்கும். தண்ணீருக்குத்தான் அதற்குள் போகப் பிடிக்காது. சேம்பு இலைமேல் தண்ணீர் உருண்டு ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எந்தக் குறை வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: போட்ட சோப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது? எண்ணெயாகவே தங்கிவிட்டதா? சலவைச் சோப்பாகவே, அதாவது சோடியம் சோப்பாகவே, கரையும் நிலையில் நிற்கிறதா? இல்லை, சுண்ணாம்புச் சோப்பாக மாறி முடிந்துவிட்டதா? முதல் இரண்டு நிலையில் நின்றால் கலவையில் தவறு. மூன்றாம் நிலைக்குப் போயும் ஒழுகுகிறது என்றால், சோப்பால் முடியாத வேலையை அதனிடம் கொடுத்திருக்கிறோம்.

சாரலுக்கு நிற்கிறது, தண்ணீர் தேங்கினால் கசிகிறது

என்னிடம் வரும் முறையீட்டில் பாதி இதுதான். “சுவரு நல்லா இருக்குதுங்க, மொட்டை மாடியில போட்டதுதான் ஒழுகுது” என்பார்கள். சோப்பு வேலை செய்கிறது. ஆனால் சாரல் வேறு, தேங்கிய தண்ணீர் வேறு. தேங்கிய தண்ணீருக்கு எடை இருக்கிறது. 1 மீட்டர் ஆழத்துக்கு நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 1 டன் அழுத்தும்.

சோப்புப் படிந்த துளை எவ்வளவு ஆழத்துக்குத் தாங்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். துளி நன்றாக உருண்டு நிற்கும் பரப்பு என்று வைத்துக்கொண்டால், 1 மைக்ரான் ஆரமுள்ள துளை ஏறக்குறைய 5 மீட்டர் தண்ணீரைத் தடுக்கும். 10 மைக்ரான் என்றால் அரை மீட்டர். ஆனால் 0.2 மில்லிமீட்டர் விரிசல், அதாவது கண்ணுக்கு முடிபோலத் தெரிகிற விரிசல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீருக்கே வழிவிட்டுவிடும். துளை பெரிதாகப் பெரிதாகச் சோப்பின் பலம் அந்த அளவுக்குக் குறைகிறது. மொட்டை மாடியில் விரிசல் இல்லாத தளம் ஏது? பங்குனி, சித்திரை வெயிலில் விரிந்து, ஐப்பசி மழையில் சுருங்கி, எப்படியும் ஒரு கோடு விழுந்துவிடுகிறது.

என் தோட்டத்திலேயே மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு உள்பூச்சில் சோப்புக் கலந்தேன். சுவரில் பலித்ததுதானே, தொட்டியிலும் பலிக்கும் என்று நினைத்தேன். தொட்டி நிறைந்த மூன்றாம் நாளே அடிப்பாகத்தில் வெளிப்பக்கம் வேர்த்தது. மேல் பாதி காய்ந்தே இருந்தது. கீழ்ப்பாதியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அந்தத் தொட்டியைப் பார்த்த பிறகுதான் மேலே சொன்ன கணக்கு எனக்கு முழுதாக விளங்கியது.

செய்ய வேண்டியது: மொட்டை மாடியில் முதலில் வாட்டத்தைப் பாருங்கள். ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அரை மணி கழித்து எங்கே குளம் கட்டி நிற்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுங்கள். 100 அடிக்கு 1 அடியாவது இறக்கம் இருக்க வேண்டும். குளம் நிற்கும் இடத்தை மேடாக்கித் தண்ணீரைக் குழாய்க்கு ஓட வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். விரிசலைச் சோப்புத் தண்ணீர் பூசி மூடப் பார்க்காதீர்கள். உளியால் ‘வி’ வடிவில் கொத்தி, தூசி ஊதி, இழுவை தாங்கும் பாலிமர்க் கலவையால் அடைத்து, அதன் மேலும் பாலிமர்ப் பூச்சு கொடுங்கள். நிலத்தடித் தொட்டி, மேல்நிலைத் தொட்டி, லிஃப்ட் குழி, தரைக்குக் கீழே கட்டிய அறை, இவற்றில் எதிலும் சோப்பை நம்ப வேண்டாம். குடிதண்ணீர்த் தொட்டிக்கு வீட்டில் காய்ச்சிய எந்தச் சோப்பும் கூடவே கூடாது.

கலவை பொங்குகிறது, காய்ந்த பூச்சு பொரிபோல இருக்கிறது

மெஷினில் கலவை சுற்றும்போதே தெரியும். கலவை பஞ்சு மாதிரி உப்பும், கரண்டியில் எடுத்தால் கனம் இருக்காது. கொத்தனாருக்கு இழுக்கச் சுகமாக இருப்பதால் அவர் குறை சொல்லமாட்டார். “வெண்ணெய் மாதிரி வருதுங்க” என்றுகூடச் சொல்வார். அந்தச் சுகம்தான் ஆபத்து. சோப்பு சோடியம் சோப்பாகவே கலவைக்குள் போய், சுண்ணாம்போடு சேர்வதற்கு முன் மெஷின் அதை நுரையாக அடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பில் இது அதிகம். அதிலுள்ள லாரிக் அமிலம் நுரைக்குப் பேர்போனது.

உள்ளே அடைபட்ட காற்று ஒவ்வொரு சதவீதமும் கான்கிரீட்டின் அழுத்த வலிமையில் சுமார் 5 சதவீதத்தைத் தின்றுவிடும். 6 சதவீதம் காற்று கூடினால் மூன்றில் ஒரு பங்கு வலிமை போயிற்று. பூச்சுக்கு அது பொறுக்கும். தூணுக்குப் பொறுக்காது.

வீட்டில் காய்ச்சிய சோப்பைத் தூண், உத்திரம், கூரைத் தளம் எதிலும் போடாதீர்கள் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். அங்கே வேண்டுமென்றால் ஐஎஸ் 2645 என்ற இந்தியத் தரநிலைக்குச் சோதித்த சரக்கை, டப்பாவில் போட்ட அளவுக்கே, பொறியாளரைக் கேட்டுப் போடுங்கள். சேர்மானம் போட்ட மாதிரியில் கசிவு, போடாத மாதிரியில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதோடு வலிமையும் இறுகும் நேரமும் கெடக் கூடாது என்றும் அந்தத் தரநிலை கேட்கிறது. வீட்டுச் சோப்புக்கு அந்தச் சோதனை எதுவும் நடந்திருக்காது.

பூச்சுக்கு வீட்டுச் சோப்புதான் என்றால், நுரையைக் கலவைக்கு வெளியிலேயே கொன்றுவிட வேண்டும். நான் செய்வது இப்படி. 1 கிலோ பாமாயிலுக்கு 140 கிராம் காஸ்டிக் சோடா. வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் என்றால் 135 கிராம் அளவு. தேங்காய் எண்ணெய் என்றால் 180 கிராம். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் வேறு எதையும் தேடாமல் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இரும்பு அல்லது எவர்சில்வர் போதும். எண்ணெயும் காஸ்டிக் தண்ணீரும் சேர்ந்து கெட்டியான பிறகு ஒரு வாரம் கிடக்கட்டும்.

பிறகு அந்தச் சோப்பைப் பத்துப் பங்கு சூடான நல்ல தண்ணீரில் கரைத்து, 300 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்த பாலில் ஊற்றிக் கிளறினால் தயிர்போலத் திரியும். திரிந்த தண்ணீரில் கொஞ்சம் பாட்டிலில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் சோடியம் சோப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது, சுண்ணாம்பு கூட்டுங்கள். நுரை உடனே செத்துவிட்டால் வேலை முடிந்தது. துணியில் வடிகட்டி, ஒரு முறை தண்ணீரில் அலசிவிடுங்கள். இந்த அலசலை விட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். 1 கிலோ எண்ணெயில் வரும் திரி முழுவதும் 4 மூட்டை சிமெண்ட்டுக்கு. எண்ணெய்க் கணக்கில் சிமெண்ட் எடைக்கு அரை சதவீதம். இதை இரட்டிப்பாக்குவதால் இரட்டிப்பு பலன் கிடைப்பதில்லை, பூச்சுதான் மெத்தென்று போகும்.

பூசி முடித்துவிட்டோம், பொரியாகத்தான் இருக்கிறது என்றால், 28 நாள் கழித்து 3 அங்குல ஆணியால் அழுத்திக் கீறுங்கள். கோடு மட்டும் விழுந்தால் விட்டுவிடலாம். ஆணி மாவில் போவதுபோல உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தளத்திலோ தூணிலோ இது நடந்திருந்தால் ஆணியோடு நிற்காமல் கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்து வலிமையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

திரிந்த சோப்பு கட்டிகட்டியாக நிற்கிறது, தண்ணீர்மேல் மிதக்கிறது

தண்ணீரை வெறுக்கும் சரக்கு தண்ணீரில் எப்படிக் கலக்கும்? ஈரக் கலவையில் போட்டால் மேலே ஏறி மிதக்கும். வறட்டுக் கலவையிலேயே போடுங்கள். மணலில் ஒரு பாண்டு எடுத்து, திரியை அதோடு கையுறைக் கையால் தேய்த்துப் பொடியாக்கி, பிறகு சிமெண்ட், அதற்கும் பிறகு தண்ணீர். இப்போது எல்லோரும் எம்-சாண்ட்தான், அதாவது கல்லை உடைத்த மணல்தான், போடுகிறார்கள். அதன் முனைகள் கூராக இருப்பதால் தேய்ப்பதற்கு ஆற்று மணலைவிட வசதி.

சோப்பு கரைக்கும்போதே கட்டியானால் தண்ணீர்தான் காரணம். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்து போர்த் தண்ணீரில் சோப்பைப் போட்டால் சுண்ணாம்புப் பாலுக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே தானாகத் திரிந்து பெரிய உருண்டைகளாகிவிடும். கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கலவைக்கும் நனைப்பதற்கும் வழக்கமான தண்ணீரே போதும், சோப்பு கரைக்க மட்டும் நல்ல தண்ணீர்.

சோப்பு போட்ட பிறகு முன்னைவிட அதிகமாக உறிஞ்சுகிறது

அநேகமாக நீங்கள் போட்டது சோப்பே அல்ல. கடையில் நீலக்கட்டி, துணிக்கட்டி என்று வாங்குவதில் பல டிடர்ஜென்ட் வகை. டிடர்ஜென்ட் உப்புத் தண்ணீரிலும் நுரைப்பதற்காகவே செய்யப்பட்டது. சுண்ணாம்பு பட்டாலும் சோப்புபோலத் திரியாமல் பெரும்பாலும் கரைந்தே நிற்கும். போதாததற்குத் தண்ணீரின் இழுவிசையைக் குறைத்து நுண்துளைக்குள் வேகமாக நடத்திக்கொண்டு போகும். நாம் நினைத்ததற்கு நேர்மாறு.

சோதனை எளிது. சந்தேகப்படும் கட்டியில் கொஞ்சம் சீவி, நல்ல உப்பான போர்த் தண்ணீரில் போட்டுக் குலுக்குங்கள். திரிந்தால் சோப்பு. பொங்கினால் டிடர்ஜென்ட்.

டிடர்ஜென்ட் போட்ட பூச்சுக்கு மாற்று மருந்து கிடையாது. நாலைந்து மழையில் அல்லது நீங்களே தண்ணீர் அடித்துக் கழுவுவதில் அது கரைந்து போகும். நன்றாகக் காய்ந்த பிறகு, கடைசியில் சொல்லும் படிகாரப் பூச்சை மேலே கொடுக்கலாம்.

பூச்சு நாள் கடந்தும் இறுகவில்லை

இது அடிக்கடி வராது. ஆனால் வந்தால் பெரிய நஷ்டம். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றி அரைத்தார்கள், அந்தச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அதைக் கேட்டுவிட்டுச் சிலர் சோப்போடு கருப்பட்டியோ நாட்டுச்சர்க்கரையோ கரைத்துச் சிமெண்ட்டில் ஊற்றுகிறார்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை எவ்வளவு நல்லதானாலும் சிமெண்ட்டுக்கு அது எதிரி. மூட்டைக்கு 25 கிராம் சர்க்கரை போனாலே இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும். 100 கிராமைத் தாண்டினால் இறுகாமலே நின்றுவிடவும் கூடும். சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல இறுகுவது, சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவது. ஒன்றின் பக்குவம் மற்றதற்குச் சரிவராது.

துத்தநாகச் சோப்பு பூசணத்தைத் தடுக்கும் என்று எங்கோ படித்துத் துத்தநாக உப்பைச் சேர்த்தவர்களுக்கும் இதே கதிதான். துத்தநாகமும் சிமெண்ட்டை வெகுவாகத் தாமதப்படுத்தும். இரண்டும் போடவில்லை, ஆனாலும் இறுகவில்லை என்றால் பழைய சிமெண்ட்டா என்று மூட்டைத் தேதியைப் பாருங்கள்.

எண்ணெய் வாடை, மஞ்சள் திட்டு, கரும்பூசணம்

மூன்றும் ஒரே காரணம்: எண்ணெய் எண்ணெயாகவே தங்கிவிட்டது. காய்ச்சாமல் எண்ணெயை நேராகக் கலவையில் ஊற்றியிருப்பார்கள். சிமெண்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு அதைச் சோப்பாக்கிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் நேரம் பிடிக்கும். அதிலும் இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். சாம்பல் தன் பங்குக்கு நாளடைவில் சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் எண்ணெய்க்கு மிச்சமாவது குறைவு. சோப்பாகாத எண்ணெய் காற்றுப்பட்டு மஞ்சளித்து வாடை எடுக்கும், ஈரம் சேர்ந்தால் பூசணத்துக்குத் தீனியாகும்.

பஜ்ஜிக் கடையில் மீந்த எண்ணெயைக் கேட்டு வாங்கிப் போடும் பழக்கமும் உண்டு. அதிலுள்ள மாவுத் துகளைப் பூசணம் விரும்பும், கூடவே வரும் உப்பைக் கம்பி விரும்பாது. உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது. இதே காரணத்தால் சோப்பைப் பிரிக்கச் சமையல் உப்பு போடுவது, திரிக்கக் கால்சியம் குளோரைடு போடுவது, இரண்டையும் நான் செய்வதில்லை.

திட்டுக்கு: நீற்றிய சுண்ணாம்பைத் தெளிவான பாலாகக் கரைத்து மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அடியுங்கள். மேற்பரப்பில் நிற்கும் எண்ணெயை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாக்கும். பூசணத்தை அதற்கு முன்பே தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். வேப்பெண்ணெய் வாடை மட்டும் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு கோடை வெயில் போதும்.

எந்த எண்ணெய் நல்லது என்றும் கேட்பார்கள். பாமாயிலுக்குத்தான் என் ஓட்டு. அதில் பாமிடிக் அமிலம் நிறைய, நீளமான சங்கிலி, உறுதியான திரி. வேப்பெண்ணெய் அடுத்தது. ஆமணக்கு எனக்குக் கடைசி: அதன் அமிலச் சங்கிலியின் நடுவில் தண்ணீரை விரும்பும் ஒரு பிடி இருக்கிறது, அதனால் துளி அவ்வளவு உருளாது.

வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது

அலசாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்வதாகச் சொன்னேனே, இதுதான். சோடியம் சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து திரியும்போது அதில் இருந்த காஸ்டிக் மறுபடி வெளியே வந்து தண்ணீரில் நிற்கிறது. அதைக் கழுவிக் கொட்டாமல் கலவையில் போட்டால், பூச்சின் மேலே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சலவைச் சோடாவாகப் பூக்கும்.

ஈரத்துணியால் ஒரு கை அகலம் துடையுங்கள். துணியோடு கரைந்து போய்விட்டால் சோடியம் உப்பு. போகாமல் ஒட்டிக்கொண்டு, ஒரு துளி வினிகர் விட்டதும் பொங்கினால் சிமெண்ட்டிலிருந்து வந்த சுண்ணாம்பு. முதல் வகைக்கு உலர்ந்த பிரஷால் கூட்டி அள்ளிவிட்டுத் தண்ணீர் அடியுங்கள், சில முறையில் தீர்ந்துவிடும். கூட்டாமல் தண்ணீர் மட்டும் அடித்தால் உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போய் உட்காரும். இரண்டாம் வகைக்குச் சோப்பைக் குற்றம் சொல்ல முடியாது, எங்கிருந்தோ தண்ணீர் சுவருக்குள் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

தரையிலிருந்து மூன்றடிக்கு ஓதம். சோப்புப் பூச்சு கொப்பளித்து விழுகிறது

ஓதம் ஏறும் சுவருக்குச் சோப்புப் பூச்சு போட்டால் தண்ணீர் நின்றுவிடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. அஸ்திவாரத்திலிருந்து செங்கல் வழியாக ஏறும் தண்ணீர் முன்பு பூச்சு வழியாக ஆவியாகிக்கொண்டிருந்தது. தண்ணீரை வெறுக்கும் பூச்சை மேலே போட்டதும் அதற்கு வெளிவரத் தடை. மூன்றடியில் நின்ற ஓதம் நாலடி, ஐந்தடி என்று ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு சேர்ந்து தள்ளும், பூச்சு தகடு தகடாகப் பெயரும். கரிசல் நிலத்து வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம், அந்த மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

உறுதிசெய்ய, 2 அடிக்கு 2 அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் வேர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம், அதற்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உள்ளிருந்து வரும் ஈரத்துக்குச் சோப்புப் பூச்சை உரித்துவிட வேண்டும். வருத்தமான செலவுதான். உரித்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள்: வாசல் மண்ணை அஸ்திவார மட்டத்துக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா, குளியலறைத் தண்ணீர் சுவரோரம் இறங்குகிறதா. அதைச் சரிசெய்து சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு, சுண்ணாம்பு வெள்ளை. புது வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்வேன், சோப்பின் உண்மையான இடம் அஸ்திவாரத் தலைமட்டத்தில் போடும் ஓதத் தடைப் பட்டைதான். அங்கே அழுத்தம் கிடையாது, உறிஞ்சல் மட்டும்தான்.

பெயிண்ட், பட்டி, டைல் ஒட்டவில்லை

ஒட்டாதுதான். தண்ணீர் உருளும் பரப்பில் தண்ணீரில் கரைத்த பெயிண்ட்டும் உருளும். சோப்பை அடிப்பூச்சில் மட்டும் போடுங்கள், மேல்பூச்சு சோப்பில்லாமல் இருக்கட்டும். அடிப்பூச்சு இறுகத் தொடங்கும்போதே சீப்புக் கட்டையால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்துவிட வேண்டும், மறுநாள் கிழித்தால் பலன் பாதி. ஏற்கெனவே மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் பலகை) வழவழவென்று தேய்த்து முடித்துவிட்டீர்கள் என்றால் கம்பி பிரஷால் தேய்த்துப் பளபளப்பைக் கொன்றுவிட்டு, அக்ரிலிக் பிணைப்புப் பால் அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்த பூச்சு. குளியலறையில் டைல் ஒட்டப்போகும் சுவரில் சோப்பே வேண்டாம்.

மேல்பரப்பு மட்டும் மாவாக உதிர்கிறது

நனைத்தது உள்ளே போகவில்லை. காலையும் மாலையும் வாளித் தண்ணீரை வீசியிருப்பீர்கள், அது சோப்புப் பரப்பில் உருண்டு கீழே ஓடியிருக்கும். பூசிய அன்று மாலையே சாக்கு தொங்கவிட்டு ஈரம் போகாமல் பிடித்துவைக்க வேண்டும், பிறகு நனைப்பது கடினம். சாதாரண சிமெண்ட்டுக்கு 7 நாள், பிபிசிக்கு 10 நாள். பங்குனி வெயிலில் இதில் ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள்.

படிகாரம்–சோப்பு பூச்சு பலிக்கவில்லை

பழைய சுவருக்குக் கலவையில் சோப்பு போட வழியில்லை. அதற்கு மேல்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கத்தில் இருந்த ஒரு முறை உண்டு, சில்வெஸ்டர் முறை என்று பெயர். சூடான சோப்புத் தண்ணீர் ஒரு கை, காய்ந்ததும் படிகாரத் தண்ணீர் ஒரு கை. இரண்டும் துளைக்குள் சந்தித்து அலுமினியச் சோப்பாகப் படியும். சோப்பு லிட்டருக்கு 80 கிராம் அளவு, படிகாரம் லிட்டருக்கு 15 கிராம். ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு நாள் முழுதாக விட வேண்டும். இப்படி இரண்டு மூன்று சுற்று.

பலிக்காததற்கு நான் கண்ட காரணங்கள்: சுவர் ஈரமாக இருந்தது, துளையில் ஏற்கெனவே தண்ணீர் நின்றால் சோப்புக்கு இடம் இல்லை. சோப்புத் தண்ணீர் ஆறிவிட்டது, ஆறினால் கூழாகி மேலேயே நிற்கும். பிரஷை வேகமாக ஆட்டி நுரை கிளப்பினார்கள். பழைய பெயிண்ட்டைச் சுரண்டவில்லை. ஒரு தடவை ஆள் மாறி வந்தவர், வேலை சுருக்கமாக முடியட்டும் என்று இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிட்டார். அலுமினியச் சோப்பு வாளியிலேயே படிந்துவிட்டது, சுவருக்கு வெறும் தண்ணீர்தான் கிடைத்தது.

பூசி ஒரு வாரம் கழித்து, ஒரு சிறு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை அறுத்து, வாயைச் சுவரோடு சேரும்படி சாய்வாக வெட்டி, களிமண்ணால் சுற்றி அப்பி ஒட்டுங்கள். ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். பூசாத இடத்திலும் இதேபோல ஒன்று. ஒரு மணி நேரத்தில் இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிடுங்கள். பூசாத இடத்தில் இறங்கியதில் பாதிக்கு மேல் பூசிய இடத்திலும் இறங்கியிருந்தால் இன்னொரு சுற்று வேண்டும். இது மேற்பரப்பு வேலை. வெயிலும் மழையும் மெல்லத் தேய்த்துவிடும். வருடா வருடம் ஒரு முறை இந்தப் பாட்டிலை ஒட்டிப் பார்த்து, தேவைப்படும்போது மறுபடி பூசிக்கொள்ளுங்கள். சுவர் எலும்புவரை காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரைதான் அதற்குக் காலம். பொள்ளாச்சிப் பக்கம் வைகாசி கடைசியில் சாரல் எட்டிப் பார்த்துவிட்டால் அந்த வருடத்துக்கு மேற்குச் சுவரைத் தொடாமல் அடுத்த பங்குனிவரை விட்டுவிடுங்கள்.